மதுரை வெயிலில் நிற்கிற கொத்து ரோஜா எது? ஃப்ளோரிபண்டா வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை (மதுரை), ஆகஸ்ட் 9

எல்லோருக்கும் வணக்கம். நான்கு வருடத்தில் ஒன்பது ரோஜாச் செடி வாங்கி வைத்தேன். மிச்சம் இருப்பது இரண்டு. எல்லாமே காம்புக்கு ஒரு பூ பூக்கிற பெரிய வகை. வாங்கி வரும்போது உள்ளங்கை அகலத்துக்குப் பூ இருக்கும். அது உதிர்ந்தால் அடுத்த பூவுக்கு இரண்டு மாதம் ஆகும். அதற்குள் நுனி கறுத்து, கறுப்பு கீழே இறங்கி இறங்கி, ஒருநாள் அடிவரைக்கும் காய்ந்திருக்கும்.

எனக்குப் பூ வேண்டியது அம்மா படத்துக்கு. அம்மா இருந்தவரை தலையில் ஒரு ரோஜா இல்லாமல் வாசலுக்கு வந்ததில்லை. தினமும் இரண்டு பூ போதும். ஆனால் தினமும் வேண்டும்.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் வெள்ளை ரோஜா கொத்துக் கொத்தாக நிற்கிறது. ஒரு கொத்தை எண்ணிப் பார்த்தேன், ஏழு பூ, நான்கு மொட்டு. அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டால், "இது ஐஸ்பெர்க், ஃப்ளோரிபண்டா. தண்ணீர் ஊற்றுவேன், வேறொன்றும் செய்வதில்லை" என்கிறார்.

வீட்டு முன்னால் 12 அடிக்கு 4 அடி மண் இருக்கிறது. கிழக்குப் பார்த்த இடம், காலை 7 மணியிலிருந்து மதியம் 1 மணிவரை வெயில் விழும். தண்ணீர் போர் தண்ணீர்தான், கொஞ்சம் உப்பு. இந்த வகை நிஜமாகவே அவ்வளவு கவனிப்பு கேட்காதா? எங்கள் ஊர் வெயிலுக்குத் தாங்குமா?

பாகலூர்க்காரன் (ஓசூர்), ஆகஸ்ட் 9

அக்கா, உங்கள் செடிகள் போனதில் உங்கள் தப்பு பாதிகூட இருக்காது. நான் இருபது வருடமாக ரோஜா நாற்றங்காலில் வேலை செய்கிறேன். கடையில் பெரிய பூவோடு கண்ணைப் பறிக்கிற செடிகளில் பல, வெட்டுப்பூவுக்காகப் பசுமைக்குடிலில் வளர்க்கிற ரகம். 'டச்சு ரோஸ்' என்று சொல்லி விற்பார்கள். எங்கள் பக்கம் தாஜ்மகால் ரகம் அப்படித்தான் ஏக்கர் கணக்கில் நிற்கிறது. குடிலுக்குள் வெயில் அளவு, ஈரம், உரம், மருந்து எல்லாம் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். அதை நேரே மதுரை வாசலில் வைத்தால் அது என்ன செய்யும்?

ஃப்ளோரிபண்டா வேறு மாதிரி. இடுப்பு உயரப் புதர். பூ சிறியது, ஆனால் ஒரு கிளை முனையில் ஐந்திலிருந்து பதினைந்து வரை வரும். ஒன்று உதிரும்போது அடுத்தது விரிந்திருக்கும். நீங்கள் கேட்கிற "தினமும் இரண்டு" இதில்தான் நடக்கும். நான்கு செடி வையுங்கள். இரண்டரை அடி இடைவெளி விடுங்கள், நெருக்கி வைக்காதீர்கள்.

வாங்கும்போது பூவைப் பார்க்க வேண்டாம், அடியைப் பாருங்கள். ஒட்டு போட்ட இடத்துக்கு மேலே பென்சில் கனத்தில் மூன்று கிளையாவது இருக்க வேண்டும். இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படை இருந்தால் செம்பேன், அந்தச் செடி வேண்டாம்.

சிறுவாணி65 (கோயம்புத்தூர்), ஆகஸ்ட் 10

தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வகை எப்படி வந்தது என்று தெரிந்தால், அது ஏன் அதிகம் கேட்காது என்பதும் புரியும்.

டென்மார்க்கில் பௌல்சன் என்றொரு நாற்றங்கால் குடும்பம். அவர்கள் ஊர்க் குளிரில் பெரிய ரோஜாக்கள் தாங்கவில்லை. கொத்தாகப் பூக்கிற பாலியாந்தா என்ற குட்டை ரோஜா தாங்கியது, ஆனால் பூ மிகச் சிறியது. இரண்டையும் கலந்தார்கள். 1924-இல் எல்ஸ் பௌல்சன் என்ற இளஞ்சிவப்பு ரகம் வெளிவந்தது. அதற்குப் பிறகுதான் இந்த வகை ஐரோப்பா முழுக்கப் பொதுப் பூங்காக்களிலும் தெருவோரங்களிலும் நிறைந்தது. நோய்க்கும் பருவத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்ற எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது. ஐஸ்பெர்க் 1958-இல் ஜெர்மனியின் கோர்டஸ் நாற்றங்காலில் உருவானது. முள் மிகக் குறைவு, குழந்தைகள் ஓடுகிற வாசலுக்கு ஏற்றது.

நம் நாட்டு ரகங்களையும் மறக்கக் கூடாது. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பி.பி. பால் என்ற விஞ்ஞானி இருந்தார். துரு நோயைத் தாங்குகிற கோதுமை ரகம் கொடுத்தவர். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர். அவர் தன் ஆசையால் ரோஜாவும் கலப்பினம் செய்தார். டெல்லி பிரின்சஸ், பஞ்சாரன் இரண்டும் அவருடைய ஃப்ளோரிபண்டாக்கள். அந்த நிறுவனத்திலிருந்து மோகினி, அருணிமா, ஹிமாங்கினி போன்றவையும் வந்தன. மோகினியின் நிறம் சாக்லேட்டும் ஆரஞ்சும் கலந்தது. ஒருமுறை பார்த்தால் மறக்காது. டெல்லியின் கோடையைப் பார்த்த செடிகள் இவை. கிடைத்தால் ஒன்றாவது வையுங்கள் அம்மா.

மாடிப்பூ (சென்னை), ஆகஸ்ட் 10

ஐஸ்பெர்க் பற்றி எல்லோரும் புகழ்கிறீர்கள். என் அனுபவம் வேறு, அதையும் பதிகிறேன். வேளச்சேரி மாடியில் மூன்று ஐஸ்பெர்க் வைத்திருந்தேன். ஆவணி வரை அருமை. ஐப்பசி மழை பிடித்ததும் இலையில் கறுப்புப் புள்ளி, ஓரம் சிதைந்த வட்டம், சுற்றிலும் மஞ்சள். பதினைந்தே நாளில் மூன்று செடியும் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நின்றன. "கவனிப்பே வேண்டாம்" என்று நம்பி வாங்கியதுதான் வலித்தது.

வைகைக்கரை அக்கா, உங்கள் ஊர் காய்ந்த ஊர், உங்களுக்குச் சரிப்படலாம். கடற்கரை ஈரம் உள்ளவர்கள் யோசித்து வாங்குங்கள்.

சிறுவாணி65, ஆகஸ்ட் 10

மாடிப்பூ சொல்வது முழு உண்மை. ஐஸ்பெர்க்குக்கு இருக்கிற பலவீனம் அதுதான். கரும்புள்ளி ஒரு பூஞ்சை. அதன் வித்து இலைக்குள் நுழைய வேண்டுமென்றால், இலை மேல் ஏழு மணி நேரமாவது தண்ணீர் நிற்க வேண்டும். மழைக்காலச் சென்னையில் அது ராத்திரியோடு ராத்திரியாக நடந்துவிடுகிறது. மதுரையில் மாலையில் இலை மேல் தண்ணீர் அடித்தால், நாமே அந்த ஏழு மணி நேரத்தை அதற்குக் கொடுக்கிறோம்.

அதனால் தண்ணீர் காலையில் விட வேண்டும், அடியில் விட வேண்டும். புள்ளி விழுந்த இலையை உதிர்வதற்கு முன்பே கிள்ளி எடுத்துவிடுங்கள். கீழே விழுந்ததையும் பொறுக்கிவிடுங்கள், அதை மூடாக்காகப் போட வேண்டாம். அடுத்த மழைக்கு அங்கிருந்துதான் நோய் மேலே தெறிக்கும்.

சாம்பல் நோய் இதற்கு எதிர். அதற்கு இலை நனைய வேண்டியதில்லை. மார்கழி, தையில் பகல் காய்ந்து ராத்திரி குளிர்ந்தால், தளிர் மேல் விபூதி பூசியது போல் வரும். நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் போதும். கடும் வெயில் நாளில் அதை அடித்தால் இலை பொசுங்கும்.

வைகைக்கரை, ஆகஸ்ட் 24

இங்கே ஒரு நாற்றங்காலில் இரண்டு ஐஸ்பெர்க், ஒரு மோகினி, ஒரு சிவப்புக் கொத்து (பெயர் அவர்களுக்கே தெரியவில்லை) வாங்கிவிட்டேன். பையைக் கிழித்ததும் திகைத்துவிட்டேன். உள்ளே மண் இல்லை, கறுப்புக் களிமண் உருண்டை. கிரிக்கெட் பந்து மாதிரி இறுகியிருக்கிறது. விரல் நகம்கூட இறங்கவில்லை. தண்ணீர் ஊற்றினால் உருண்டையின் மேல் வழுக்கிக்கொண்டு ஓரமாக ஓடுகிறது. போன முறை இப்படியே நட்டேன். ஆறு மாதம் கழித்துச் செத்த செடியைப் பிடுங்கினால் அதே உருண்டை அதே வடிவத்தில் வந்தது, ஒரு வேர்கூட வெளியே வரவில்லை. இதை என்ன செய்வது?

பாகலூர்க்காரன், ஆகஸ்ட் 24

அக்கா, கையை வைக்காமல் நிறுத்தினீர்கள், நல்லது. அது ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து வருகிற செடி. ராஜமுந்திரிக்கு அருகில் கோதாவரி வண்டல் மண்ணில் வளர்த்து, லாரியில் அடுக்கும்போது உடையாமல் இருக்கக் களிமண்ணோடு உருட்டி அனுப்புவார்கள். பயணத்துக்கு அது நல்லது. வீட்டில் வைத்த பிறகு செடிக்கு அதுதான் சிறை.

செய்ய வேண்டியது இது. பையிலிருந்து எடுத்தவுடன் நட வேண்டாம். பையோடு ஒரு வாரம் அரை நிழலில் வையுங்கள், உங்கள் ஊர்க் காற்று பழகட்டும். இருக்கிற பூ, மொட்டு எல்லாவற்றையும் நறுக்கிவிடுங்கள், மனசு கேட்காது, ஆனாலும் நறுக்குங்கள். எட்டாவது நாள் மாலை ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து உருண்டையை முழுக அமிழ்த்துங்கள். முதலில் குமிழி குமிழியாகக் காற்று வரும். அரை மணி கழித்து வெளிப்பக்கம் வெண்ணெய் போல் இளகும். கட்டைவிரலால் வெளிப்பக்கத்தை மட்டும் வருடிக் கழுவுங்கள். உள்ளே வெள்ளை நூல் மாதிரி வேர் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். முழுக்கக் கழுவி வேரை அம்மணமாக்கினால் செடி தாங்காது. பாதிக் களிமண் போனால் போதும்.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. எடுத்த மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழு உரம், இரண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். ஒட்டு போட்ட முடிச்சு மண்ணுக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் தெரிய வேண்டும். நட்ட அன்றைக்கு வேறு உரம் எதுவும் வேண்டாம்.

பொன்னி வண்டல் (தஞ்சாவூர்), ஆகஸ்ட் 26

எங்கள் தோட்டமே அந்த உருண்டை மாதிரிதான். வெட்டினால் பாளமாக வரும், மழை பெய்தால் நான்கு நாள் தண்ணீர் நிற்கும். எனக்கு ரோஜா யோகமே இல்லையா?

சிறுவாணி65, ஆகஸ்ட் 26

தம்பி, யோகம் இருக்கிறது. குழி தோண்டாதீர்கள், அவ்வளவுதான். களிமண்ணில் குழி தோண்டி நல்ல மண் நிரப்பினால் அது கிணறாகிவிடும். சுற்றியிருக்கிற தண்ணீரெல்லாம் அதில் வந்து நிற்கும். தரைக்கு மேல் ஒரு முழ உயரத்துக்குச் செங்கல் அடுக்கி மேட்டுப்பாத்தி கட்டுங்கள். செம்மண், மணல், மக்கிய எரு கலந்து நிரப்புங்கள். வேர் மெல்லக் கீழே இறங்கிக் களிமண்ணைத் தொடும். தொட்டபின் உங்கள் வண்டல் மண்ணின் சத்து முழுவதும் அதற்குத்தான்.

பொன்னி வண்டல், ஆகஸ்ட் 27

நன்றி ஐயா. இன்னொன்று. வாழைப்பழத்தோல் ஊறிய தண்ணீர், முட்டை ஓடு, டீத்தூள், எப்சம் உப்பு, வெங்காயச் சருகுத் தண்ணீர் என்று காணொளிகளில் தினம் ஒன்று சொல்கிறார்கள். எது நிஜம்?

மாடிப்பூ, ஆகஸ்ட் 27

இதில் நான் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன், சொல்கிறேன்.

வாழைத்தோலில் சாம்பல் சத்து இருக்கிறது, ஊறிய தண்ணீரில் இறங்குவது கொஞ்சம்தான். எறும்பு மட்டும் நிறைய வரும். எறும்பு வந்தால் பின்னாலேயே மாவுப்பூச்சியும் அசுவினியும் வரும், ஏனென்றால் அவற்றின் இனிப்புக் கழிவுக்காக எறும்பே அவற்றைக் காத்து வளர்க்கும். டீத்தூளைப் பாலும் சர்க்கரையுமாகப் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அலசிக் காயவைத்துப் போடலாம். முட்டை ஓடு மக்க வருடக்கணக்கில் ஆகும். எப்சம் உப்பு மெக்னீசியம் குறைந்தால் மட்டும் வேலை செய்யும், இல்லாவிட்டால் வீண் உப்பு.

இவை எல்லாவற்றையும் மண்புழு உரப் பெட்டிக்குள் போட்டு, ஆறு மாதம் கழித்து உரமாக எடுத்துச் செடிக்கு வைக்கிறேன். மாதம் ஒருமுறை செடிக்கு இரண்டு கைப்பிடி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா. பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலையில் மட்டும். இதற்கு மேல் நான் எதுவும் செய்வதில்லை. ஐஸ்பெர்க் போன பிறகு சம்மர் ஸ்னோ, ஏஞ்சல் ஃபேஸ் இரண்டும் வைத்தேன். ஏஞ்சல் ஃபேஸ் ஊதா கலந்த பூ, வாசனை மாடிப்படி வரைக்கும் வரும்.

பாகலூர்க்காரன், ஆகஸ்ட் 27

மாடிப்பூ தங்கச்சி சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். செடி சோர்ந்தால் உடனே உரம் வைக்கிறார்கள். வேர் அழுகிச் சோர்ந்த செடிக்கு உரம் வைத்தால் அதுதான் அதன் கடைசி. முதலில் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீரும் வேண்டாம், உரமும் வேண்டாம்.

வைகைக்கரை, செப்டம்பர் 29

நட்டு நான்கு வாரம். நான்கும் தளிர் விட்டிருக்கின்றன. அண்ணா சொன்ன மாதிரி வாளியில் அமிழ்த்திக் கழுவினேன். குமிழி வந்ததைப் பார்க்கும்போது, உள்ளே அத்தனை காற்று அடைபட்டுக் கிடந்ததா என்றிருந்தது.

இப்போது கவலை வேறு. புதுத் தளிரில் நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் வெளிறிய மஞ்சள். பழைய இலை நன்றாகவே இருக்கிறது.

சிறுவாணி65, செப்டம்பர் 29

பழைய இலை பச்சை, புது இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் இருக்காது. உங்கள் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அது மண்ணைக் காரமாக்கி இரும்பை வேர் எடுக்க முடியாமல் பூட்டி வைக்கிறது. ரோஜாவுக்கு மண்ணின் கார அமில நிலை 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால் நல்லது.

நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கேளுங்கள். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, அரை எலுமிச்சை பிழிந்து, மாலையில் இலை மேல் லேசாகத் தெளியுங்கள். இங்கே மட்டும் மாலையில் இலை நனையலாம், வெயிலில் அடித்தால் கருகும். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. சுவரிலும் தரையிலும் பட்டால் துருக்கறை போகாது, பார்த்து அடியுங்கள்.

இது அப்போதைக்குத்தான். மண்ணில் எருவும் சருகும் சேரச் சேரத்தான் நிலை மாறும். மழை வரப்போகிறது, மொட்டைமாடித் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வையுங்கள். வாரம் ஒருமுறை மழைத்தண்ணீர் கிடைத்தாலே செடியின் முகம் மாறும்.

மிசிசாகா மல்லி (கனடா), அக்டோபர் 5

வாசிச்சுக்கொண்டே வந்தேன், எழுதாமல் போக மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கட வீட்டில் அம்மா வளர்த்த சிவப்பு ரோசாவை நினைச்சு இங்க ஆறு ஃப்ளோரிபண்டா வச்சிருக்கிறன். எங்களுக்கு எதிரி வெயில் இல்லை, பனி. கார்த்திகை மாதம் மண் உறையத் தொடங்கினதும் செடியின்ர அடியில் ஒரு அடி உயரத்துக்கு மண் குவிச்சு மூடுவம், ஒட்டுப் போட்ட இடம் செத்துப் போகாமல் இருக்க. சித்திரையில் மண்ணை விலத்தி, செத்த கிளையை வெட்டுவம். ஆனியில் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். ஐந்து மாதம் பூ, ஏழு மாதம் காத்திருப்பு. வருசம் முழுக்கப் பூக்க வைக்கிற ஊரில் இருக்கிறியள், விடாதேங்கோ.

வைகைக்கரை, அக்டோபர் 6

அக்கா, உங்கள் ஏழு மாதத்தைப் படித்துவிட்டு இன்று காலை செடிகளுக்குப் பக்கத்திலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நன்றி.

கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) எப்போது? அக்டோபர் என்கிறார்கள். பொங்கலுக்குப் பூ வேண்டும்.

பாகலூர்க்காரன், அக்டோபர் 6

புதுச் செடி, இந்த வருடம் பெரிய கவாத்து வேண்டாம். காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, இவற்றை மட்டும் எடுங்கள். அடுத்த வருடத்திலிருந்து அக்டோபர், நவம்பரில் செய்யலாம். ஃப்ளோரிபண்டாவைப் பெரிய ரோஜா மாதிரி அடியோடு வெட்டக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு உயரம் குறைத்தால் போதும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள்.

மாடிப்பூ, அக்டோபர் 6

அண்ணா, சென்னைக்கு அந்தக் கணக்கு ஆகாது. ஐப்பசியில் வெட்டினால் வெட்டுவாயில் மழைத்தண்ணீர் இறங்கி நுனிக்கருகல் வருகிறது. இரண்டு வருடம் பட்டுவிட்டேன். இப்போது புரட்டாசி நடுவிலேயே வெட்டிவிடுகிறேன், மழை வருவதற்குள் காயம் ஆறிவிடும். இல்லையென்றால் மழை ஓயும்வரை பொறுப்பேன்.

பாகலூர்க்காரன், அக்டோபர் 7

சரிதான் தங்கச்சி. ஓசூரில் உட்கார்ந்து சொல்கிறவனுக்கு அது தோன்றவில்லை. எங்கே வெட்டினாலும் வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். 100 கிராம் மயில்துத்தம் (தாமிர சல்பேட்), 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, தனித்தனியாக அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பிறகு கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி, குச்சி மட்டும்தான், இரும்பு ஆகாது. அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

பொங்கல் கணக்கு: வெட்டிய நாளிலிருந்து ஏறக்குறைய 45 நாளில் பூ. நவம்பர் கடைசியில் பூத்து முடிந்த கொத்துகளை வெட்டிவிடுங்கள், தை பிறக்கும்போது மொட்டு உடையும்.

வைகைக்கரை, நவம்பர் 16

சிவப்புக் கொத்துச் செடியில் அடியிலிருந்து ஒரு கிளை வேகமாக வருகிறது. இரண்டு வாரத்தில் மூன்று அடி! இலை வெளிர்ப்பச்சை. ஒரு இலையில் ஏழு சிற்றிலை. ஏழு என்றால் காட்டு ரோஜா, வெட்டிவிடு என்கிறார்கள். வெட்ட மனம் வரவில்லை, அவ்வளவு செழிப்பாக இருக்கிறது.

சிறுவாணி65, நவம்பர் 16

ஏழு, ஐந்து என்ற கணக்கை நம்ப வேண்டாம் அம்மா. நல்ல ஒட்டுக் கிளையிலும் பல ரகங்களில் ஏழு வரும். அந்தக் கணக்கால் நல்ல கிளையை வெட்டியவர்கள் எத்தனையோ பேர். கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். அடிமண்ணை விரலால் ஒதுக்குங்கள். ஒட்டு முடிச்சுக்கு மேலிருந்து வந்தால் அது உங்கள் செடியின் புதுத் தண்டு, வரம் மாதிரி. முடிச்சுக்குக் கீழிருந்தோ வேரிலிருந்தோ வந்தால் அது அடிச்செடி, அதாவது ஒட்டுப் போட வேருக்காக எடுத்த வேறு ரோஜா. நம் பக்கம் அடிச்செடி பெரும்பாலும் எட்வர்டு ரோஜாவாக இருக்கும், பலர் பன்னீர் ரோஜா என்று சொல்வது. அதை விட்டால் ஒரே வருடத்தில் மேல் செடியை விழுங்கிவிடும்.

கத்தரியால் வெட்டினால் இரண்டாகத் துளிர்க்கும். புறப்படுகிற இடத்தைப் பிடித்துக் கீழ்நோக்கி வெடுக்கென்று பிய்க்க வேண்டும்.

வைகைக்கரை, நவம்பர் 17

ஒதுக்கிப் பார்த்தேன். முடிச்சுக்குக் கீழேதான். பிய்த்துவிட்டேன். ஆனால் தூக்கி எறியவில்லை. ஆறு அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் பின்பக்கம் தனியாக ஊன்றியிருக்கிறேன். எட்வர்டு என்றால் அம்மா தலையில் வைத்த ரோஜா அதுதான். இதோ என் செடிக்கு அடியில் இத்தனை நாள் இருந்திருக்கிறது.

குறிஞ்சி (கொடைக்கானல்), நவம்பர் 20

கடைசிப் பதிவைப் படித்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் மலைச் சோலைகளின் ஓரத்தில் ஒரு காட்டு ரோஜா ஏறிப் படர்கிறது, வெள்ளைப் பூ, ரோசா லெஷனால்டியானா என்று பெயர். பழநி மலை, நீலகிரி பக்கத்துச் சொந்தச் செடி. ரோஜா என்றால் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று நினைக்கிறவர்களுக்கு இதைக் காட்டுவேன்.

கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவன் என்பவர், ஆட்சிப்பணியில் இருந்து விலகி வந்தவர், வெப்பம் தாங்கும் ரோஜாக்களை உருவாக்குவதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டார். வடகிழக்கு மலைகளின் ரோசா ஜைஜாண்டியா, வங்காள நீர்நிலை ஓரங்களில் வளரும் ரோசா கிளினோஃபில்லா ஆகிய நம் காட்டு இனங்களைக் கலப்பில் கொண்டுவந்தார். குளிர் நாட்டு ரோஜாவை வெயிலில் காப்பாற்றப் போராடுவதைவிட, வெயிலைத் தெரிந்த ரோஜாவை உருவாக்கலாம் என்பது அவர் வழி. அந்த வழியில் வருகிற ரகங்கள் நம் நாற்றங்கால்களில் சுலபமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

வைகைக்கரைக்கு ஒரு குறிப்பு. கொத்தில் நடு மொட்டு மற்றவற்றைவிடத் தடியாக, முந்திக்கொண்டு நிற்கும். அது முதலில் விரிந்து, மற்றவை மொட்டாக இருக்கும்போதே உதிர்ந்து, நடுவில் காய்ந்த முடிச்சாக நிற்கும். கொத்து முழுக்க ஒன்றாக விரிய வேண்டுமென்றால், அந்த நடு மொட்டு பட்டாணி அளவில் இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். விழாவுக்குப் பூ வேண்டும் என்றால் மட்டும் செய்தால் போதும். தினமும் இரண்டு பூ வேண்டுமென்றால் அப்படியே விடுங்கள், வரிசையாக விரியும்.

வைகைக்கரை, ஜனவரி 15

பொங்கல் வாழ்த்துகள்.

ஐஸ்பெர்க் ஒன்றில் மட்டும் நடு மொட்டைக் கிள்ளினேன். நேற்றுக் காலை அதில் ஒரே கொத்தில் பதினொரு பூ. வெளியிதழில் பனி நின்றது, உள்ளே லேசான மஞ்சள் மகரந்தம். அந்தக் கொத்தை அப்படியே வெட்டி அம்மா படத்துக்கு வைத்தேன். இன்னொரு ஐஸ்பெர்க்கைக் கிள்ளாமல் விட்டேன், டிசம்பர் 20-லிருந்து தினமும் ஒன்று, இரண்டு கொடுத்துக்கொண்டிருக்கிறது. மோகினி மூன்று பூதான், ஆனால் தெருவில் போகிறவர்கள் நின்று நிறம் கேட்கிறார்கள். சிவப்பில் சாம்பல் நோய் லேசாக வந்தது, கந்தகம் ஒருமுறை அடித்தேன், நின்றுவிட்டது.

ஊன்றிய எட்வர்டு துண்டு ஐந்தில் மூன்று துளிர்த்திருக்கின்றன. தொட்டிக்கு மாற்ற இன்னும் எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்?

பாகலூர்க்காரன், ஜனவரி 15

துளிரைப் பார்த்து ஏமாறாதீர்கள் அக்கா, குச்சியில் இருக்கிற சத்திலேயே துளிர் வரும். லேசாக இழுத்துப் பாருங்கள், மண் பிடித்துக்கொண்டால் வேர் இருக்கிறது. இரண்டாவது தளிர் வந்து இலை முற்றட்டும், மாசி பிறந்ததும் மாற்றுங்கள். பங்குனி வெயிலுக்குள் நிலைத்துவிட வேண்டும்.